சாளரத்துக்குப் பின்னே ஒரு மனிதர்

உள்ளத்தின் நிலையைச் சொல்ல விரும்பும் தமிழர் பலவேளைகளில் வயிற்றையே துணைக்கு அழைக்கின்றனர். அச்சமுற்றவர், 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்கிறார். பிறர் வாழ்வைக் கண்டு பொறாதவருக்கு வயிறு எரிகிறது. நல்ல செய்தி கொண்டு வந்தவரிடம், 'என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள்' என்று தாய் நெகிழ்கிறாள். பிள்ளையை இழந்தவளின் துயரத்தைச் சொல்வதற்குப் 'பெற்ற வயிறு' என்னும் இரண்டு சொற்களே போதும். இவ்வழக்குகளைப் படைத்த நம் முன்னோர் எந்தக் கருவியைக் கொண்டும் வயிற்றினுள் நோக்கியவர்கள் அல்லர். ஆயினும் உள்ளத்தில் எழும் அலை உடலின் ஆழத்திலும் மோதுகிறது என்பதைப் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

நற்செய்தி நூல்களின் மொழியும் இதை அறிந்திருந்தது. வழியோரத்தில் குற்றுயிராகக் கிடந்தவரைக் கண்டு சமாரியர் இரக்கம் கொண்டார் என்று லூக்கா கூறுமிடத்தில், கிரேக்க மூலத்தில் காணப்படும் வினைச்சொல், குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. அதன்படி இரக்கம் என்பது உள்ளுறுப்புகள் அசைவது.

மொழி நெடுங்காலமாய் அறிந்திருந்த இவ்வுண்மையை அறிவியல் தன் கண்ணால் கண்ட வரலாறு ஒன்று உண்டு. அதுவும் குற்றுயிராகக் கிடந்த ஒரு மனிதரிடமிருந்தே தொடங்குகிறது.

மாக்கினாத் தீவில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில், பெரும் ஏரிகள் இரண்டு சந்திக்கும் நீர்வழியில் மாக்கினா என்னும் சிறு தீவு உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது விலங்குத் தோல் வணிகத்தின் பெரிய சந்தையாக விளங்கியது. கனடாவின் பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கச் சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள், தோல் மூட்டைகளை ஏற்றிய தோணிகளை ஆறுகள் வழியாகவும் ஏரிகள் வழியாகவும் வலித்துச் சென்றனர். எழுத்தறிவற்ற ஏழைத் தொழிலாளர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரே அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் தோல் கம்பெனியின் கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. ஏறத்தாழ ஒரு கஜத் தொலைவில் நின்ற அலெக்சிசின் இடது மார்புக்குக் கீழே உள்ளங்கையினும் பெரிய காயம் திறந்துகொண்டது. விலா எலும்பு முறிந்தது. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கியது. இரைப்பையில் துளை விழுந்து, அன்று அவர் உண்ட காலை உணவு காயத்தின் வழியே வழிந்தது.

கோட்டையின் இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் விரைந்து வந்தார். கல்லூரியில் பட்டம் பெறாமல், ஒரு மருத்துவரிடம் உதவியாளராய் இருந்து தொழில் கற்றவர் அவர். இந்த இளைஞர் பிழைக்கமாட்டார் என்றே அவர் எண்ணினார். இருந்தும் காயத்தைத் துப்புரவு செய்து கட்டினார். நாள்தோறும் வந்து கவனித்தார். முதல் 17 நாள்கள் உண்டதெல்லாம் துளையின் வழியே வெளியேறிவிட்டது. பின்னர் உணவு மெல்லத் தங்கலாயிற்று. மாதங்கள் கடந்தன. அலெக்சிஸ் வேலை செய்ய இயலாதவராய், ஊரார் உதவியில் காலம் தள்ளினார். அவ்வுதவியும் நின்றபோது, 1823ஆம் ஆண்டில் போமண்ட் அவரைத் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்று பேணினார்.

இதுவரை இவ்வரலாறு நல்ல சமாரியர் உவமையைப் போலவே இருக்கிறது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. போமண்ட் இல்லையேல் அலெக்சிஸ் அந்தத் தீவிலேயே இறந்திருப்பார்.

காயம் ஆறியது, ஆனால் மூடவில்லை. இரைப்பையின் கிழிந்த விளிம்பு மார்புச் சுவரோடு ஒட்டி வளர்ந்து, நிலையான ஒரு துளையாயிற்று. நாளடைவில் உட்சவ்வின் மடிப்பு ஒன்று வளர்ந்து அத்துளைக்குக் கதவாக அமைந்தது. அதை விரலால் மெல்லத் தள்ளினால் உயிருள்ள மனிதரின் இரைப்பை உள்ளே தெரிந்தது. உலகில் எந்த மருத்துவருக்கும் அதுவரை இவ்வளவு தெளிவாகக் கிட்டாத காட்சி அது.

கண்டதும் காணாததும்

உணவு வயிற்றில் எவ்வாறு செரிக்கிறது என்பது அக்காலத்தில் தீராத வழக்கு. அரைபடுகிறது என்றனர் சிலர். புளிக்கிறது என்றனர் சிலர். ஒருவகை நீரில் கரைகிறது என்றனர் வேறு சிலர். 1825ஆம் ஆண்டில் போமண்ட் தம் சோதனைகளைத் தொடங்கினார். இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டித் துளையின் வழியே உள்ளே விட்டார். மணிக்கொரு முறை வெளியே இழுத்துப் பார்த்தார். வெப்பமானியை உள்ளே செலுத்தினார். இரைப்பை நீரைக் குழாயால் வடித்தெடுத்துக் குப்பியில் வைத்து, அதிலும் இறைச்சி கரைவதைக் கண்டார். இத்தகைய 238 சோதனைகளை 1833ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். செரிமானம் ஒரு வேதிவினை என்பதும், இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு என்பதும் இந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டன.

அந்நூலில் நம் பொருளுக்குரிய குறிப்புகளும் உள்ளன. நலமாக இருக்கும் வேளையில் இரைப்பையின் உட்சவ்வு வெளிறிய இளஞ்சிவப்பாய், பட்டுப்போல் மென்மையாய் இருந்தது. அச்சம், சினம் போன்றவை நரம்புகளைக் கலக்கிய வேளைகளில் அது சிலபோது சிவந்து வறண்டது. சிலபோது வெளிறி ஈரமாயிற்று. வழக்கமாக இரைப்பையில் காணப்படாத பித்தநீர், அலெக்சிஸ் கடுஞ்சினம் கொண்டிருந்த வேளையில் அங்கே காணப்பட்டது. சினம் செரிமானத்தைக் குலைக்கிறது என்று போமண்ட் எழுதினார். முகம் சிவப்பதைப்போல வயிறும் சிவக்கிறது என்பதற்குக் கண்கூடான சான்று இவ்வாறு கிடைத்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அலெக்சிஸ் ஏன் சினம் கொண்டார்?

பட்டு நூல்கள் உள்ளே தொங்க, மருத்துவரின் சொற்படி மணிக்கணக்கில் காத்திருந்தவர் அவர். சோதனை வேளைகளில் வலியும் குமட்டலும் அவருக்கு நேர்ந்தன. சோதனை இல்லாத வேளைகளில் அதே மருத்துவரின் வீட்டில் விறகு பிளந்தார், சுமை தூக்கினார். 1825ஆம் ஆண்டிலேயே சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பி, திருமணம் செய்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பிழைத்தார். போமண்ட் ஆள் விட்டுத் தேடிக் கண்டுபிடித்தார். 1829ஆம் ஆண்டில் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் மிசிசிப்பி ஆற்றங்கரைக் கோட்டைக்கு வந்து மீண்டும் சோதனைகளுக்கு உட்பட்டார். 1832ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓராண்டுக்கு 150 டாலரும், உணவும் இருப்பிடமும் பெற்றுக்கொண்டு, மருத்துவர் விரும்பும் சோதனைகளுக்கெல்லாம் தம் இரைப்பையை ஒப்புக்கொடுக்க அவர் கடமைப்பட்டார். எழுதத் தெரியாத அலெக்சிஸ் அதில் கைநாட்டாக ஒரு குறியிட்டார்.

போமண்டின் நூலில் சினம் இடம்பெறுகிறது. சினந்த மனிதரின் கதை இடம்பெறவில்லை. வெப்பத்தையும் வானிலையையும் குறித்ததுபோலவே அவர் சினத்தையும் குறித்தார். அவரைக் கொடியவர் என்று தீர்ப்பிட நமக்கு உரிமை இல்லை. ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவு பற்றிய நெறிகள் அந்நாளில் வகுக்கப்படவில்லை. ஆயினும் சாளரத்தின் வழியே ஆழ்ந்து நோக்கியவர், சாளரம் யாருடையது என்பதைச் சிறிது சிறிதாக மறந்துபோனார் என்பதையும் மறைக்க இயலாது.

1834ஆம் ஆண்டில் ஊருக்குச் சென்ற அலெக்சிஸ் பிறகு அவரிடம் திரும்பவே இல்லை. போமண்ட் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மடல்மேல் மடல் எழுதினார்; பணம் தருவதாகச் சொன்னார். குடும்பத்தை விட்டுவிட்டு அலெக்சிஸ் மட்டும் வர வேண்டும் என்பது அவரது விருப்பம். குடும்பத்தோடு வாழ வேண்டும் என்பது அலெக்சிசின் விருப்பம். வழக்குத் தீராமலேயே 1853ஆம் ஆண்டில் போமண்ட் இறந்தார்.

பூனையின் அச்சம்

கண்ட காட்சிக்குக் காரணம் சொல்ல மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1895ஆம் ஆண்டில் ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன் அதைப் புதிய பணிக்குப் பயன்படுத்தினார். ஊடுகதிரில் தெரியக்கூடிய பொருளை உணவில் கலந்து பூனைகளுக்கு ஊட்டி, இரைப்பையின் அசைவுகளைத் திரையில் பார்த்தார். பூனை அமைதியாக இருந்தபோது அலையலையாய் நகர்ந்த இரைப்பை, அது கலங்கிச் சீறியவுடன் சட்டென நின்றுபோயிற்று. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தியபோது அசைவு மீண்டது.

சாதாரண ஆய்வாளர் இதைத் தம் சோதனைக்கு நேர்ந்த இடையூறு என்று ஒதுக்கியிருப்பார். கேனனோ அந்த இடையூற்றையே ஆராயத் தொடங்கினார். நாய் குரைப்பைக் கேட்டு அஞ்சிய பூனையின் குருதியில் அட்ரினலின் மிகுவதை 1911ஆம் ஆண்டில் தம் துணையாளரோடு சேர்ந்து அறிவித்தார். 1915ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் வலி, பசி, அச்சம், சினம் ஆகியவை உடலில் விளைவிக்கும் மாற்றங்களை விரித்துரைத்தது.

அதன் சாரம் இதுதான். ஆபத்து நேரும்போது உடல் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகிறது. நரம்புகள் வழியாகவும் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சிறு சுரப்பிகள் வழியாகவும் ஆணை பரவுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையைக் குருதியில் விடுகிறது, கண்மணி விரிகிறது. அப்போது செரிமானம் அவசரப் பணி அன்று. ஆகவே குருதி வயிற்றை விட்டுத் தசைகளை நோக்கிப் பாய்கிறது, வாய் உலர்கிறது, இரைப்பை அசைவற்று நிற்கிறது. வீட்டில் தீப்பிடித்தால் அடுப்பிலுள்ளதை மறந்து எல்லாரும் குடத்தோடு ஓடுவதைப் போன்றது இது. ஆபத்து நீங்கியதும் உடல் தன் பழைய பணிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மனிதருக்கோ ஆபத்து நாயின் உருவில் வந்து போவதில்லை. கடன், அவமானம், பிள்ளையின் எதிர்காலம் என்று அது வீட்டிலேயே குடியிருக்கிறது. தீயணைக்க எடுத்த குடம் கீழே வைக்கப்படுவதே இல்லை.

இன்னொரு சாளரம்

அலெக்சிசுக்குப் பின் நூறாண்டு கழித்து, நியூயார்க்கு நகரில் இன்னொரு சாளரம் திறந்தது. டாம் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் மனிதர் அவர். 1895ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவனாய் இருந்தபோது, கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் வெந்து அடைபட்டது. மருத்துவர்கள் வயிற்றில் துளையிட்டு உணவூட்ட வழி செய்தனர். அவர் உணவை வாயில் மென்று சுவைத்து, பின்பு புனலின் வழியே இரைப்பைக்குள் இடுவார். சுவைக்காமல் நேரே இட்டால் உண்ட நிறைவு கிட்டவில்லை. இந்நிலையைப் பிறர் அறியாவண்ணம் பல்லாண்டுகள் மறைத்து வாழ்ந்தார்.

1941ஆம் ஆண்டு முதல் ஸ்டூவர்ட் உல்ஃப், ஹரால்டு உல்ஃப் என்னும் மருத்துவர்கள் அவரை ஆராய்ந்தனர். ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு வேலை கொடுத்தனர். இரைப்பையின் நிறத்தை நாள்தோறும் குறித்தனர். அதோடு நின்றுவிடவில்லை, அன்று அவர் வாழ்வில் நிகழ்ந்தது என்ன என்றும் வினவினர். ஒருநாள் ஆவணம் ஒன்று காணாமற்போயிற்று. அதற்குத் தாமே பொறுப்பென்று டாம் நடுங்கினார். தேடிவந்த மருத்துவர் அறையிலிருந்தவரையில் அவரது இரைப்பை வெளிறிக் கிடந்தது; ஆவணம் அகப்பட்டு அவர் சென்றபின் நிறம் திரும்பியது. வேறொரு நாள், அவர் வேலை சரியில்லை என்று ஒருவர் கடிந்துகொண்டார். மறுத்துப் பேச முடியாமல் உள்ளுக்குள் குமுறினார் டாம். இரைப்பையின் உட்சவ்வு குருதி நிறைந்து சிவந்தது. அமிலம் மிகுதியாய்ச் சுரந்தது. அவ்வாறு சிவந்து வீங்கிய சவ்வு, இலேசாகத் தொட்டாலும் குருதி கசியும் அளவுக்கு மெலிந்திருந்தது.

போமண்ட் கண்ட சிவப்புக்கும் வெளிறலுக்கும் இங்கே பொருள் விளங்கியது. அச்சத்தில் வயிறு ஒடுங்குகிறது. வெளியே காட்ட இயலாத சினத்தில் கொதிக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்கியது நுண்கருவி ஒன்றன்று. 'உமக்கு என்ன நேர்ந்தது?' என்னும் கேள்வியே அதை விளக்கிற்று.

மிகைப்படுத்தியதும் திருத்தியதும்

எந்த உண்மையும் அளவு மீறினால் பிழையாகும். 1936ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர், கடும் துன்பத்துக்கு உள்ளான எலிகளின் இரைப்பையில் புண்கள் தோன்றுவதை அறிவித்தார். இத்தகைய ஆய்வுகள் பரவியபின், வயிற்றுப்புண் என்றாலே கவலையின் நோய் என்று மக்களும் மருத்துவர்களும் நம்பினர். வலியால் துடித்தவரிடம், 'கவலையை விடுங்கள்' என்று சொல்லி அனுப்பியவர் பலர். நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்தார் நோயாளி.

1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். மார்ஷல் 1984ஆம் ஆண்டில் அக்கிருமிகளைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். வயிற்றுப்புண்களுள் பெரும்பாலானவை இக்கிருமியாலோ சில வலி நிவாரணி மாத்திரைகளாலோ உண்டாகின்றன என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. தக்க மருந்தால் குணமாகின்றன. இருவருக்கும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் டாமின் இரைப்பை சிவந்தது பொய்யாகிவிடவில்லை. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் இருவழிச் சாலையாய் இயங்குவதையும், குடற்சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் பரவியிருப்பதையும் இன்று நாம் அறிவோம். ஆகவே இருபுறமும் எச்சரிக்கை வேண்டும். எல்லா நோயையும் மனத்தின்மேல் ஏற்றுவது ஒரு கொடுமை. சோதனைச் சீட்டில் எதுவும் தெரியவில்லை என்பதால், 'உமக்கு ஒன்றுமில்லை' என்று வலியை மறுப்பது மற்றொரு கொடுமை. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்: நோயைப் பார்த்து மனிதரைப் பாராதிருத்தல்.

எட்டடி ஆழத்தில்

அலெக்சிஸ் அத்துளையோடு போமண்டுக்குப் பின்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார். 1880ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கியூபெக் மாநிலத்தில் ஜோலியெட் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் தாமஸ் என்னும் சிற்றூரில் இறந்தார். அவரது இரைப்பையை ஆராயவும் அருங்காட்சியகத்தில் வைக்கவும் மருத்துவர்கள் விரும்பினர். புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் வில்லியம் ஆஸ்லரும் அவர்களுள் ஒருவர்.

குடும்பத்தார் இசையவில்லை. வெயில் கடுமையான நாள்களில், உடல் எவருக்கும் பயன்படாதபடி அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்தனர். அடக்கத் திருப்பலியின்போது அதை ஆலயத்துக்குள் கொண்டுவர இயலாமல் வெளியே வைக்க வேண்டியதாயிற்று. பின்பு எவரும் தோண்டி எடுக்காதபடி எட்டடி ஆழத்தில் புதைத்தனர். அன்புக்குரியவரின் உடலைக் கெடவிட்டுக் காத்திருந்த அந்த மனைவி மக்களின் வயிறு எவ்வாறு பிசைந்திருக்கும் என்பதை எந்த ஆய்வேடும் குறிக்கவில்லை. படிப்பறிவற்ற அவர்கள் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லியது இது: இவர் எங்கள் தந்தை, உங்கள் சாளரம் அல்லர்.

1962ஆம் ஆண்டில் கனடா நாட்டு உடலியங்கியல் அறிஞர்கள் அந்த ஊர் ஆலயத்தருகே நினைவுப் பலகை நிறுவினர். தம் துன்பத்தின் வழியாக மனித குலம் முழுமைக்கும் பணியாற்றியவர் என்று அவரை அது போற்றுகிறது. காலம் கடந்தேனும் செய்யப்பட்ட நீதி அது.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நம்மிடம் சாளரக் கருவிகள் இல்லை. மாதக்கணக்கில் வயிறு சரியில்லை என்று சொல்லும் அண்டை வீட்டு அம்மாவின் உள்ளே என்ன நிறம் படர்ந்திருக்கிறது என்று நம்மால் காண இயலாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை; தட்டிக்கழித்தலாகாது. அங்கிருந்து திரும்பியபின், அவர் அருகில் அமர்ந்து, 'உங்களுக்கு என்ன நேர்ந்தது, அம்மா?' என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பதும் நம் கடமையே. சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார், சாவடிக்குக் கொண்டுபோய்ப் பேணினார், செலவையும் ஏற்றார். பிழைத்தெழுந்தவரிடம் தமக்கென்று ஏதும் கேட்டதாக உவமை சொல்லவில்லை.